மூன்று லாரித் தாள்கள்

அந்த ஆய்வாளருக்கு நான் ஒரு மாத வாடகை கடன்பட்டிருந்தேன். கைவண்டி தள்ளிப் பழைய பேப்பர் வாங்கிய காலம். பிறகு வட்டியோடு தீர்த்துவிட்டேன். இரண்டாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று மூன்று கிடங்குக்குச் சொந்தக்காரன். எவனிடமும் தலையைச் சொறிந்து நின்றதில்லை.

அவர் தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தில் இருந்தார். அவருடைய தம்பிக்கு ஒரு பெயின்ட் கம்பெனியில் மூட்டை பிரித்துக் கொட்டுகிற வேலை. மூச்சுவிட முடியாமல் படுத்துவிட்டான். என்ன பொடி என்று தெரிந்தால் அதற்கேற்ற மருந்து கொடுக்கலாம் என்றார் டாக்டர். தொழில் ரகசியம் என்று கம்பெனி கையை விரித்தது.

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே என் கடைக்கு வந்தார். "கேட்டா அவன் குடுத்தே ஆகணும், அண்ணே. சட்டம் அப்படி. பத்து வருஷத்துக் காகிதம் அத்தனையும் கேட்டிருக்கேன்."

"விடாதீங்க சார். சட்டியோட வழிச்சிடுங்க" என்றேன் நானும்.

அவர் அலுவலக வாசலில் மூன்று லாரி வந்து நின்றது. கேன்டீன் பில், வாட்ச்மேன் வருகைப் பதிவு, மாடிப்படிக்கு வெள்ளையடித்த செலவு, எல்லாம் கலந்துகட்டி. பிரித்துப் பார்க்க அவர் ஒருவர்தான். அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே மற்றவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து கழிவறைக்குப் போனார்கள். பொடியின் பெயரை மட்டும் கேட்டு மறுபடி எழுதினார். எல்லாம் கொடுத்தாயிற்று, தேடிக்கொள்ளவும் என்று கம்பெனி வக்கீலிடமிருந்து பதில் வந்தது.

"நீங்கதானே அத்தனையும் கேட்டீங்க? தேடுங்க" என்றார் மேலதிகாரி.

தம்பி மனைவி போன் செய்தால், "பாதி முடிஞ்சிருச்சும்மா" என்பார். மாதக்கணக்கில் அதே பாதி. அந்தப் பாதியிலேயே தம்பி போய்ச் சேர்ந்தான்.

அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. கடைசிப் பெட்டிவரை பார்த்தார். பொடியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அதையும் எழுதிக் கொடுத்தார். வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது என்று மேலே கோப்பை மூடினார்கள்.

கம்பெனி தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. எடைக்குப் போட உத்தரவு. ஏலத்தில் என் விலைக்குப் பக்கத்தில் எவனும் வரவில்லை.

"தராசைப் பாத்துக்குங்க சார்."

"பாத்ததெல்லாம் போதும் அண்ணே. குடுங்க."

கையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் தாள் கீறிய கோடுகள். எச்சில் தொட்டு எண்ணுகிறவன் நான். அன்று நாக்கு வறண்டு கிடந்தது. ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.