மாடி வீட்டு நர்ஸம்மாவின் ஈஸ்டர்

திண்டுக்கல்லில் எங்கள் மாடியில் குடியிருந்த நர்ஸம்மா ஒல்லியானவர்; வாரிய தலை கலைந்து நான் பார்த்ததில்லை. லாரி மோதிப் படுக்கையில் கிடந்த கணவரை விட்டுவிட்டு அவரால் சர்ச்சுக்குப் போக முடியாது. ஈஸ்டர் காலையில் கட்டிலருகே மெழுகுவத்தி ஏற்றி, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வாய்விட்டு ஜெபிப்பார். ஒரு ஈஸ்டரன்று பால் கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றேன். எங்கள் வீட்டார் பெயர்களும் வந்தன. கடைசியாக அந்த லாரி டிரைவரின் பெயர் வந்தது.

ஜெபம் முடிந்ததும், “அவனுக்குமா?” என்று கேட்டுவிட்டேன்.

“போன ஈஸ்டருக்கு அவன் பேரு வாயிலயே வரல சார். அம்புட்டு கோவம். இந்த வருசம் வந்துருச்சு,” என்றார், கணவரின் தலையணையைச் சரிசெய்தபடி.

எனக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. அவ்வப்போது சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் வாயில் வரவில்லை.