சவரக் கத்தியும் தலைச்சுற்றலும்

எங்கள் தொழிலில் முன்பின் தெரியாத ஆள்கூட வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நம்மிடம் கழுத்தைக் காட்டிவிடுவார். கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சலூன். வருகிறவர்களில் பாதிப்பேர் லாரிக்காரர்கள். பெருங்குடலில் புற்றுநோய் என்று சொல்லி எனக்கு ஆபரேஷன் செய்தார்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டும், வாந்தி வரும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். எழுந்து நின்றால் தரையே சாயும் என்பதையும் சொல்லியிருப்பார்கள், என் காதில் ஏறவில்லை. இதைப் படிக்கிறவர்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற என் கூட்டாளிகள் இருந்தால், தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கழுத்தில் கத்தி

இரண்டாவது மருந்து ஏற்றிப் பத்து நாள் ஆகியிருந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். சேலத்து டிரைவர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, கழுத்து நிறைய சோப்பு நுரையோடு தூங்கியே போயிருந்தார். இடது காதுக்குக் கீழிருந்து கத்தியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் ரோட்டுச் சத்தம் தூரமாகப் போனது. உள்ளங்கை சில்லென்று வேர்த்தது. கண்ணாடியில் என் முகம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டே இழுப்பு, முடித்துவிடலாம் என்று நினைத்தேன். எப்படியோ கையை அவர் கழுத்திலிருந்து விலக்கி, தூர நீட்டி, கத்தியை விட்டுவிட்டேன். அது தரையில் விழுந்த சத்தம் கேட்டது. நான் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கண் திறந்தபோது, பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் கிட்டுசாமி என் காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்திருந்தான். டிரைவர் பாதி நுரையோடு குனிந்து அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். படுத்தபடியே அவரைக் கும்பிட்டேன். அவர் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கத்திய எடுத்துட்டுத்தான உழுந்தீங்க. அது போதுமுங்க."

நர்ஸ் கேட்ட கேள்வி

மயக்கம் என்று சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் நோய் திரும்ப வந்துவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம். அதனால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது "ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி சரசு சும்மா இருக்கவில்லை. "பொய் சொல்றாருங்க. கடையில மயங்கி உழுந்தாரு. வயித்தால போயி நாலு நாளா சரியாத் தண்ணிகூடக் குடிக்கல" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

நர்ஸ் என்னைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். நிற்கவைத்து மறுபடியும் பார்த்தார். நின்றதும் அளவு சடாரென்று இறங்கியிருந்தது. சரசு கையிலிருந்த மாத்திரைப் பையை வாங்கிக் கொட்டினார். நன்றாக இருந்த காலத்தில் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையை, உடம்பு பாதியாக இளைத்த பிறகும் நான் விடாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, டிரிப் போட்டு, அந்த மாத்திரையை நிறுத்தினார். நிறுத்தியது டாக்டர், இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பயந்தபடி கீமோ நிற்கவில்லை, நான்கு நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். பாலக்காட்டுக்கார அந்த நர்ஸ் ஊசியைக் குத்திக்கொண்டே தன் மலையாளத் தமிழில் கேட்டார்: "சேட்டா, சொன்னா நிறுத்துவோம்னு பயந்தோ? சொல்லாம விழுந்து தல ஒடஞ்சா நாங்க என்னா செய்யும்?"

குளியலறைத் தாழ்ப்பாள்

எழும்போது காலை ஆட்டிவிட்டு, கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அப்புறம் நிற்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். செய்தேன். குளியலறையில் ஸ்டூல் போட்டுக் குளிக்கச் சொன்னார்கள். அதையும் செய்தேன். தாழ்ப்பாள் போடாதீர்கள் என்றதைத்தான் கேட்கவில்லை. ஆபரேஷன் தழும்போடு இருக்கிற வயிற்றை என் மனைவிகூடப் பார்க்க வேண்டாம் என்று எனக்கு.

ஒரு காலை, சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வெடுக்கென்று எழுந்தேன். விழித்தபோது கன்னம் ஈரத் தரையில். வெளியே சரசு கதவை அடிக்கிறாள், என் பேரைச் சொல்லிக் கத்துகிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் பேரைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. கடை சாவி வாங்க வந்த கிட்டுசாமி, தோளால் மோதிக் கதவை உடைத்தான். நெற்றியில் ரத்தம். தலையில் அடி என்பதால் அப்படியே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளே ஒன்றுமில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லும்வரை சரசு என் கையை விடவேயில்லை. சாயங்காலம் கிட்டுசாமி திருப்புளியோடு வந்து, தாழ்ப்பாளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "ஏனுங்ணா, இது இனி என் ஊட்லயே கெடக்கட்டும்."

அரை முகத்து மாப்பிள்ளை

கடைசி மருந்தும் முடிந்து, ஸ்கேன் நல்லபடியாக வந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, உயரமான ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து காலையில் மட்டும் வேலை செய்தேன். நாள்கணக்கில் தலைச்சுற்றல் எட்டிப் பார்க்காததால், மறுபடியும் கத்தியைத் தொட்டேன். என்னைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்தே திரும்பிப் போனவர்களும் உண்டு.

பிரபு என்று ஒரு பையன், மீசை முளைத்த நாளிலிருந்து என் வாடிக்கை. கல்யாணத்தன்று காலை வந்து, "நீங்கதான் பண்ணோணும்" என்று உட்கார்ந்துவிட்டான். கூட வந்த அவன் மாமா வாசலில் வாட்சைப் பார்த்தபடி நின்றார். வலது கன்னம் முடிந்தது. இடது பக்கம் திரும்பும்போது ரோட்டுச் சத்தம் தூரமாகப் போக ஆரம்பித்தது.

இந்தத் தடவை இரண்டு இழுப்பு என்று கணக்குப் போடவில்லை. கத்தியை மேசைமேல் வைத்தேன். "கிட்டு, நீ வா" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே படுத்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டேன். மாமா கத்தினார்: "கல்யாண நாளும் அதுவுமா இதென்னய்யா அபசகுனம்!" நுரையும் பாதிக் கன்னமுமாகப் பிரபு அவர் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினான். அப்புறம் என்னைக் குனிந்து பார்த்தான். "முகூர்த்தம் பத்தரைக்குத்தானுங்க. நீங்க மெதுவாவே எந்திரிங்க."

மயக்கம் என்னவோ எனக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம் முன்பே தகவல் சொல்லிவிட்டுத்தான் வந்தது. அதை நான் நம்புவதற்குத்தான் இத்தனை பேர் வேலை மெனக்கெட வேண்டியிருந்தது.