சூடு காட்டாத துணி

நைனா பட்டாளத்தில் இருந்தார். ஆப்பிரிக்காவில் சண்டை ஓயாத ஒரு நாட்டுக்கு அமைதிப்படையோடு அவரை அனுப்பியிருந்தார்கள். தம்பி பிறந்ததும் லீவு போட்டுச் செஞ்சிக்கு வந்தவர், தொட்டிலை எட்டிப் பார்த்த கையோடு துணி காயும் கொடியைப் பார்த்தார். "இதெல்லாம் இஸ்திரி போட்டதா?" என்று கேட்டார். பிள்ளையின் மூத்திரத் துணியை யாராவது இஸ்திரி போடுவார்களா? அம்மா சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. அங்கே ஒரு ஈ இருக்கிறதாம். காயப்போட்ட துணியில் முட்டை வைக்குமாம். அதை உடுத்தினால் புழு தோலுக்குள் போய் வளருமாம். அதனால் பட்டாளத்தில் ஜட்டியைக்கூடச் சூடு காட்டாமல் போடமாட்டார்களாம். ஓயாத மழை, தகரக் கொட்டகை, டப்பா சோறு, பூட்ஸுக்குள் புகுந்துகொள்ளும் தேள் என்று எல்லாம் சொன்னார். எண்ணெய் தேய்க்கும்போது அவர் முதுகில் இருந்த தழும்பை அம்மா தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளும் சிரிக்கவில்லை.

"இங்க ஏதுங்க அந்த ஈ?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியுது. மனசு கேக்க மாட்டேங்குது."

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தம்பி துணியை நனைத்துவிட்டு வீரிட்டான். கொடியில் துணி காய்ந்துதான் கிடந்தது. அம்மா எடுக்கப் போனாள், நைனா தொடவிடவில்லை. அத்தனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருந்த இஸ்திரி வண்டிக்கு ஓடினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னா சார், கொழந்த துணிக்கா இவ்ளோ டென்ஷன்?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்காரர் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். தேய்த்துப் போட்ட ஒவ்வொரு துணியையும் நைனா கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார்.

லீவு முடிந்தது. வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, பல நாளாக மனசை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அங்க கரண்ட் இருக்குதா நைனா?"

"ஜெனரேட்டர் இருக்குது கண்ணு. நிக்காம ஓடும்."

எனக்கு உயிர் வந்தது. ஈயைப் பற்றி அவ்வளவு சொன்னவர் துப்பாக்கியைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அதனால் எனக்கும் ஈயைத் தவிர வேறு பயம் இல்லை.

பஸ் கிளம்பியதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அதான் ஜெனரேட்டர் இருக்குதுன்னாரே, அப்புறம் எதுக்கும்மா அழுவுற?" என்றேன். இவ்வளவு சுலபமான விஷயம் அவளுக்கு விளங்கவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.