காவலுக்கு ஒரு நாற்காலி

லூர்து மாமா நிஜமாகவே மறந்துவிட்டாரா, இல்லை மறந்த மாதிரி இருந்துவிட்டாரா? எனக்குத் தெரியவில்லை. இனி கேட்கவும் முடியாது...

இன்று விடியற்காலை போய்விட்டார். அம்மாவின் ஒரே அண்ணன். திருச்சியில் பழைய ஆட்களுக்கு ‘கிட்டார் மாஸ்டர்’ என்றால் தெரியும்.

காலையிலிருந்து நிறைய போஸ்ட். "அறுபதுகளிலேயே பெண் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்த புரட்சிக்காரர்" என்று ஒருவர். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நான் எதிலும் கமெண்ட் போடவில்லை. நான் சொல்ல நினைப்பது அங்கே பொருந்தாது.

அவர் நல்ல வாத்தியார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலப்புதூர் வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை. ‘எல்லா வயதினருக்கும் கிட்டார் தனித்தனியாகக் கற்றுத்தரப்படும்.’ ஸ்கூல் பிள்ளைகள் வந்தார்கள். ரிட்டையரான ரயில்வே கார்டு ஒருவர் வந்தார். ஒரு நேரத்தில் ஒருவர்தான். யாரையும் திட்டியதில்லை. "வரும் சார், வரும். விரலுக்கு வயசு தெரியாது" என்பாராம்.

இதெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்தது. அம்மா அந்த அறையிலேயேதான் இருந்தாள். ஏன் இருந்தாள் என்பதுதான் விஷயம்.

மாமா அப்போது கல்யாணமாகாத இளைஞர். படிக்க வரும் பெண்ணோடு ஓர் அறையில் தனியாக உட்கார முடியுமா? அந்தத் திருச்சியில்?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் மகளை அழைத்து வந்தார். அப்போது பெண்கள் கற்றது ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து, கம்பிமேல் ஓர் இரும்புத் துண்டைத் தேய்த்து வாசிப்பது. பார்க்கக் கொஞ்சம் வீணை மாதிரி இருந்ததில் அப்பாக்களுக்கு ஒரு நிம்மதி.

"வாத்தியம் சரி. ஆத்துல பொம்மனாட்டி யாராவது கூட இருப்பாளோ?"

"என் தங்கச்சி ரோசி கூடவே உக்காந்திருக்கும் சார். கவலையே படாதீங்க."

அன்றைக்குப் போட்டது அந்த நாற்காலி. ஜன்னலோரம். அம்மா எஸ்எஸ்எல்சி முடித்து வீட்டில் இருந்த சமயம். கையில் குரோஷா ஊசி... மாதா கோயில் பீடத்துக்கு விரிப்பு பின்னிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். கான்வென்ட் டீச்சர், டாக்டர் வீட்டம்மா, கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள். ஒவ்வொருத்திக்கும் அம்மா காவல். தனக்குக் கல்யாணமாகிப் போகும் வரை.

பலகையில் ‘தனித்தனியாக’ என்று இருந்ததே... பெண்கள் வந்தால் அறையில் எப்போதும் மூன்று பேர். அந்த மூன்றாவது ஆளைப் பற்றி எந்தப் போஸ்ட்டிலும் ஒரு வரி இல்லை.

ஒருமுறை ஒரு பெண் பாதியில் தடுமாறி நிற்க, அம்மா தன்னை அறியாமல் அடுத்த வரியை முனகிவிட்டாள். மாமா திரும்பிப் பார்த்தார்.

"ரோசி... ஊசியைப் பாரு."

அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ். வீடு நிறைய ஆட்கள். தனியாகக் கேட்டால் தட்டிக்கழித்துவிடுவார், நாலு பேர் முன்னால் மறுக்க மாட்டார் என்று அம்மா ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள்.

"அண்ணே, எனக்கும் சொல்லிக்கொடேன். காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் போதும்."

"நீ வாசிக்க உக்காந்துட்டா காவலுக்கு யாரு உக்காருவா? பூனையா?"

அண்ணன் தங்கைக்கு எதற்குக் காவல்? யாரும் கேட்கவில்லை. வீடே சிரித்தது. தாத்தாவுக்குப் புரையேறிவிட்டதாம்.

அன்றிலிருந்து அம்மாவுக்குப் பூனை என்று பெயர். "பூனை, காபி கொண்டா." "பூனை, மாஸ்டரோட ஸ்டூடண்ட் வந்தாச்சு, போய் உக்காரு." கல்யாணத்தன்று அப்பாவிடமும் யாரோ சொன்னார்களாம், "மாப்பிள்ளை, எங்க பூனையப் பத்திரமாப் பாத்துக்கங்க." அதற்கும் சிரிப்பு.

அம்மா மறுபடி கேட்கவில்லை.

எம்.ஏ. முடித்த வருடம் நான் மாமாவிடம் நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தீங்க. அம்மாவுக்கு மட்டும் ஏன் மாமா சொல்லிக்கொடுக்கல?"

கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம். அல்லது நிஜம் மாதிரி ஒன்று...

"அவ கேக்கவே இல்லையேம்மா. கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தாள். தட்டுகளை அடுக்கும் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டது.

இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். அவர் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உண்மை. இதுவும் உண்மை.

போயிட்டு வாங்க மாமா. அந்தக் கேள்வி என்னோடயே இருக்கட்டும்.

மறுநாள் சேர்த்தது:

அடக்கம் முடிந்தது. கல்லறையிலிருந்து மேலப்புதூர் வீட்டுக்கே திரும்பினோம். அம்மா முன்னறையில் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

மாமா மகன் ஜெரால்டு கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல பையன். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அத்தை, அப்பா ஞாபகமா இதை நீங்க வச்சுக்கங்க. அப்பாவும் சந்தோஷப்படுவார்."

அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பார்த்தாள். தொடவில்லை.

"வேணாம்ப்பா. யாராவது பொம்பளப் புள்ளைக்குக் குடு. அது கத்துக்க வர்றப்ப சொல்லி அனுப்பு... வந்து உக்காந்துக்கிறேன்."

ஜெரால்டு சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். அதற்குள் அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.