ஏலப் படத்தில் காணாமல் போன பள்ளம்

ஏலப் படத்தை நம்பி மனை வாங்குகிறவர்களைக் கண்டால் கோட்டுக்காரருக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு பாவமாக இருக்கும். கோடு போட்டு அந்தப் படங்களை வரைகிறவரே அவர்தான். புது ரயில் பாதை வந்ததும், ஊருக்கு வெளியே இருந்த மேய்ச்சல் நிலத்தையெல்லாம் துண்டு போட்டு, கூடாரம் அடித்து ஏலம் விட ஆரம்பித்தார்கள். மனைக்கு எண் போட்டு, சாலைக்குச் சாயம் பூசி, சுவரில் ஒட்ட ஒரு படம் வேண்டுமே. ஸ்டேஷன் கூப்பிடு தூரம் என்று எழுதச் சொல்வார்கள், எழுதுவார். எட்டு ஊருக்குக் கேட்கிற தொண்டை இருந்தால்தான் அது கூப்பிடு தூரம்.

"அது தொழில் பொய். நடந்து பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது," என்பார்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் மனிதர் ஒரே பிடிவாதம். ஏலம் எப்போதும் கோடையில்தான் நடக்கும். மழைக்காலத்துக் குட்டை அப்போது மைதானம் மாதிரி காய்ந்து கிடக்கும், எவன் கண்ணுக்கும் தெரியாது. அதனால் தாழ்ந்த மனைகளின்மேல் நீல மையில் சின்னச் சின்ன அலைக்கோடு போட்டு, மூலையில் கையெழுத்தும் போட்ட பிறகுதான் படத்தைக் கொடுப்பார்.

ஏலக்காரன் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. "உன் அலையில என் யாவாரம் முழுகிடும்டா," என்று முனகுவான், இவர் சிரிப்பார். படத்தை அச்சுக்குக் கொண்டுபோவதும் ஏலம் விடுவதும் அவன் பாடு. கோட்டுக்காரர் ஒரு ஏலத்துக்கும் போனதில்லை, அச்சான படத்தை வாங்கிப் பார்த்ததும் இல்லை. கூடவே வளர்ந்தவனைப் போய்ச் சந்தேகப்படுவதா?

அவருடைய தங்கை புருஷனை இழந்தவள். தையல் மெஷினை மிதித்து மிதித்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு ஒரு மனை எடுத்தாள். வீடு எழும்பின பிறகு அண்ணனைக் கூட்டிப்போய் அசத்த வேண்டும் என்று மூச்சே விடவில்லை. கடைசியில் மழை பெய்த மறுநாள் ஆளனுப்பினாள். மெஷின் முழங்கால் தண்ணீரில் நின்றது.

சுவரில் அந்த ஏலப் படம் மாட்டியிருந்தது. கோட்டுக்காரர் கிட்டப் போய்ப் பார்த்தார். சாலைகள் அவருடையவை, எண்கள் அவருடையவை, கையெழுத்தும் அவருடையதே. அலைகளைத்தான் காணோம். அந்த இடத்தில் எவனோ நாலு மரம் வரைந்திருந்தான், மரம் வரையக்கூடத் துப்பில்லாதவன்.

நேரே ஏலக்காரனிடம் போனார்.

"என் தங்கச்சிடா. அவகிட்டயுமா?"

"நானா கூப்பிட்டேன்? அவளா வந்தா. 'எங்கண்ணன் போட்ட படந்தானே'ன்னு கேட்டா. ஆமான்னேன். பொய்யா?"

"எப்பலேர்ந்து அழிக்கிற?"

"மொதல் படத்துலேர்ந்தே. அலை போட்ட மனைய எவன் வாங்குவான்? உன் கையெழுத்துக்குத்தான் ஜனம் வருது."

கூட இருந்தே குழி பறித்திருக்கிறான், படுபாவி. ஒரு மனையா, இரண்டு மனையா? எத்தனை வீட்டில் இன்று தண்ணீர் நிற்கிறதோ!

திரும்பி வந்து தங்கையிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் அழிச்சான், சரி. இத்தன வருஷமா உன் படத்த நீ ஒரு தடவகூடப் பாக்கலன்னா, அத நான் நம்பணுமா?"

அவர் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யப் போனார். அவள் தலையை விலக்கிக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க," என்றாள். பிறந்ததிலிருந்து அவரை வா, போ என்றே பேசியவள்.