மாடியில் குறித்த மாலை நேரங்கள்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் யூனிட் ஒன்றில் அவன் மேலாளர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினேன். எண்பதுகளின் நடுவில், கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கண்காட்சியில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர, நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாயங்காலம்வரை அதன் முன்னாலேயே நின்றோம். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. அவன் முஸ்லிம், நான் இந்து. எங்கள் பக்கத்து வழக்கப்படி அன்றைக்கே மாமன் மாப்பிள்ளை ஆகிவிட்டோம்.

ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்க அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கு டவுன் பஸ் ஏறுவேன். "என்னலே எழுதுத?" என்று கேட்டால், "மொதல்ல ஓடட்டும் மாப்ள, பொறவு சொல்லுதேன்" என்பான். ஓடாத புரோகிராமைக் காட்டுவது அவனுக்குப் பாதிச் சவரத்தோடு தெருவில் இறங்குகிற மாதிரி.

தொண்ணூறுகளில் ஒரு மார்ச் மாதம், யூனிட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. கபர்ஸ்தானில் மண் போட்டுவிட்டு வந்த நான், பல வாரம் என் கம்ப்யூட்டர்மேல் போட்டிருந்த உறையை எடுக்கவே இல்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும் அவன் மனைவி ஆள் அனுப்பினாள். போனேன்.

"அண்ணே, கடைசி நாலு மாசமா அவுக இந்தக் கம்ப்யூட்டர்ல எதையோ ஏத்திக்கிட்டே இருந்தாவ. என்னன்னு பாத்துச் சொல்லுங்க. அழிச்சிராதீங்க."

ஃபைலைத் திறந்தேன். டிசம்பரிலிருந்து, அவன் போனதற்கு முந்தின நாள்வரை தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு நேரம். முதலில் ஐந்தே முக்காலை ஒட்டி, போகப் போக ஆறு தாண்டி. ரயில் நேரமா? ஷிஃப்ட் நேரமா? எதற்கும் பொருந்தவில்லை.

"தொழுகை நேரமா தங்கச்சி?"

"இல்லண்ணே, அந்தியில மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லுதது அதுக்குப் பொறவுதான். அந்நேரத்துக்கு யூனிட்லருந்து ஓடியாந்து மாடியில நிப்பாவ. மேக்க பாத்துக்கிட்டே இருப்பாவ. கூப்புட்டா, செத்த நேரம் பொறும்பாவ."

புரோகிராமை ஓட்டினேன். திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கோடு ஊர்ந்து வந்தது. ஏறியது, ஓரிடத்தில் சட்டென்று இறங்கியது, மறுபடி ஏறி நடுத்திரையில் நின்றுவிட்டது. ஒன்றும் விளங்காமல் தலையைத் தூக்கினேன். ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை. அதே ஏற்றம், அதே இறக்கம்.

சூரியன் மலைக்குப் பின்னால் மறைகிற நேரத்தைத் தினமும் குறித்திருக்கிறான். மலை இல்லையென்றால் கணக்குப்படி அது அஸ்தமிக்கவேண்டிய நேரம் வேறு. அந்த வித்தியாசத்தை வைத்து, அந்த இடத்தில் மலை எவ்வளவு உயரம் என்று கண்டுபிடித்திருக்கிறான். டிசம்பரில் தெற்கே தள்ளி இறங்கும் சூரியன் நாளுக்கு நாள் வடக்கே நகர, கோடும் நகர்ந்து, மார்ச்சில் பாதி மலையோடு நின்றுவிட்டது. எனக்குப் புல்லரித்தது. அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. "எப்படிலே தோணுச்சு?" என்று முதுகில் தட்டிக் கேட்க ஆள் இல்லை.

அவளுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் திரையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிச்சத்த நான் பாத்து எழுதி வைக்கேன்ணே. நீங்க வந்து ஏத்துங்க."

வடக்கே போன சூரியன் திரும்பி வரும் ஆடியிலும் ஆவணியிலும் மலைமேல் மேகம் மூடிக்கொண்டது. அவள் தாளில் பாதி நாள் "தெரியல" என்றே இருந்தது. அடுத்த வருஷம் சித்திரை, வைகாசியில் வானம் தெளிந்த நாட்களில் விட்டதைப் பிடித்தாள். ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு வலது ஓரத்தைத் தொட்டது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மலைக்கு அந்தப் பக்கம் கேரளாதான? அங்க உள்ளவுகளுக்கு இதே மலை காலையில மறைக்குமோ? சூரியன் பிந்தித்தான் தெரியும், இல்லண்ணே?"

இது எனக்குத் தோன்றியதே இல்லை. அவனுக்குத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை.

"ஆமா தங்கச்சி."

"எம்புட்டு நேரம் பிந்தும்?"

"போட்டுப் பாப்போம்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.