ஏழாம் இலக்கக் கல்

என் மேசையில் உள்ளங்கையளவு கல்லொன்று இருக்கிறது. வெண்படிகத்துக்குள் வெள்ளி நிறத்தில் மெல்லிய செதிள்கள். மேற்புறத்தில் என் கையால் எழுதிய வெள்ளை ‘7’. பார்ப்பவர்கள் காகிதம் பறக்காமல் வைக்க நல்ல கல் என்கிறார்கள். நான் அதைக் காகிதத்தின்மேல் ஒருநாளும் வைத்ததில்லை.

வன்னியில் ஓமந்தைக்குக் கிழக்கே, காட்டோரப் பாறையொன்றில் மொலிப்டினம் இருக்கலாமென்று போருக்கு முந்திய அறிக்கையொன்றில் இரண்டு வரி இருந்தது. எஃகை உறுதியாக்கும் உலோகம் அது. அதைத் தேடித்தான் நிலவியலாளரான சேர் வந்தார். நான் அவருடைய உதவியாள். அதன் தாது பென்சில்கரி போலவே மினுங்கும், விரலிலும் ஒட்டும். வெள்ளைப் பீங்கானில் உரசினால்தான் வேறுபாடு தெரியும்: பென்சில்கரி கறுப்பாய்க் கோடு விடும், இது சற்றுப் பச்சை கலந்து விடும். சேர் ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் உரசுவார்.

பாறையைச் சுற்றியிருந்த மண்ணில் மிதிவெடி அப்போது அகற்றப்படவில்லை. வடக்குப் பக்கம் மட்டும் அகற்றித் தந்த ஒற்றையடிப் பாதையால் ஏறி, வெறும் பாறைமேல் நின்றே வேலை செய்தோம். மாதிரி எடுத்த இடங்களில் இலக்கமிட சேர் சிவப்புப் பெயின்ற் கொண்டுவந்திருந்தார். “சிவப்பு வேண்டாம் சேர், மிதிவெடியெண்டு சனம் பயந்திடும்” என்று சொல்லி வெள்ளை வாங்கிவந்தவன் நான்தான். ஊர்க்காரன் என்ற மிதப்பு. வெடி எடுத்து முடித்த இடத்துக்கு இங்கே என்ன நிறம் அடிப்பார்கள் என்பது அந்த ஊர்க்காரனுக்கு உறைக்கவேயில்லை.

மூன்றாம் நாள் முற்பகல், தெற்குப் பக்கத்திலிருந்து விறகுக் கத்தியோடு அக்கா வந்துகொண்டிருந்தார். எங்களுக்கு மத்தியானச் சோறு சமைத்துத் தருபவர். மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். அவருக்கும் பாறைக்கும் நடுவே முப்பது அடி மண்.

“அக்கா, அசையாதேங்கோ! நிண்ட இடத்திலயே நில்லுங்கோ!”

“ஏன் தம்பி? வெள்ளை அடிச்சிருக்கே, வெடி எடுத்து முடிச்சிட்டாங்கன்னுதானே வந்தேன்?”

“அது நான் அடிச்சது அக்கா.”

அவர் முகம் மாறியதை அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டேன். சேர் வெடி அகற்றுபவர்களுக்குத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். அவர்கள் வந்து, அக்காவின் பின்னாலிருந்து அங்குலம் அங்குலமாய் மண்ணைக் கிளறி அவரை நெருங்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. உச்சி வெயில். அவர் கால் நகர்ந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் நான் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டேயிருந்தேன். “அடுப்பில பருப்பு கிடக்கு தம்பி, கரிஞ்சிருக்கும்” என்றார் ஒருமுறை. அழுதுவிட்டேன்.

பத்திரமாகத்தான் கூட்டிப்போனார்கள். பிறகு அந்த இடத்தைக் கிளறியபோது, அவர் நின்ற தடத்துக்கு ஓரடி முன்னால் ஒன்று இருந்தது.

ஆய்வுகூட முடிவும் வந்தது. மொலிப்டினம்தான், ஆனால் தோண்டும் செலவுக்குக் கட்டாது. கோப்பை மூடிவிட்டு சேர் கொழும்புக்குப் போனார்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். இப்போது அந்த நிலமெல்லாம் வெடி அகற்றி முடிந்து, எல்லையில் வெள்ளைக் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். பாறை வரை போவோமென்று அழைத்தேன். கட்டையருகில் அக்கா நின்றுவிட்டார்.

“இது யாரு போட்ட வெள்ளை தம்பி?”

“வெடி எடுக்கிற ஆக்கள் அக்கா. உண்மையா.”

“அப்போ நீ முன்னாடி போ.”

போனேன். அன்று அவர் கண்ட ஏழாம் இலக்கத்தைப் பாறையிலிருந்து உடைத்தெடுத்துக்கொண்டு நான் திரும்பும்வரை, அவர் கட்டைக்கு அந்தப் பக்கமே நின்றார்.